இந்தக் காபி எதுக்குப் பதிலா?

மார்கழி மாதம். காலை ஆறு மணி. திருவொற்றியூர் தேரடி தாண்டி எண்ணூர் பக்கம் போகிற கடலோரச் சாலையில் ஒரு கூட்டம் கைவீசி நடந்து வரும், பார்த்திருக்கிறீர்களா? தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், காலில் பேரன் கழித்துப் போட்ட ஷூ. நம் சென்னையில் குளிர் என்றால் இருபது டிகிரி. அதற்கே இத்தனை அலங்காரம்! ஒரு பக்கம் கடல், அலை அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறாங்கற்கள். இன்னொரு பக்கம் ஹார்பருக்குப் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள். நடையெல்லாம் முடிந்ததும் அத்தனை பேரும் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்... காபிக் கடை.

"ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுப்பா... சக்கரை கம்மியா!"

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

"என்னது, சித்த வைத்தியம் படிச்சவங்க காபி குடிக்கிறதா?" என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். நாடி பார்க்கக் கையை நீட்டும்போதே, "காபியை மட்டும் நிறுத்தச் சொல்லிடாதீங்க டாக்டரம்மா" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொள்கிறார்கள். பயப்படாதீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் உங்கள் வீட்டு ஃபில்டர் உங்கள் அடுப்படியிலேயேதான் இருக்கும். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கப் போகிறேன். கையில் இருக்கிறதே, இந்த டம்ளர்... இது எதுக்குப் பதிலாக வந்தது?

குணபாடத்தில் இல்லாத சரக்கு

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள். 1964-ல் தொடங்கிய கல்லூரி அது. எங்களுக்குக் 'குணபாடம்' என்று ஒரு பாடம் உண்டு. சுக்கு, மிளகு, கடுக்காய் என்று ஒவ்வொரு சரக்குக்கும் சுவை என்ன, தன்மை என்ன, செய்கை என்ன என்பதெல்லாம் பாட்டாகவே இருக்கும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அந்தப் பாட்டுகளை உருப்போட எங்களைக் கண் விழிக்க வைத்தது எது தெரியுமா? ஹாஸ்டலுக்கு எதிர்க் கடையின் கருப்பட்டிக் காபி!

ஆனால், அந்தப் பழைய பாட்டுகளில் காபி கிடையாது. இருக்கவும் முடியாது. தமிழ்நாட்டு வீடுகளுக்குள் காபி பரவலாக நுழைந்தது 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி, 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தலைப்பிலேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பு நம் பாட்டனார் வீட்டில் காலை ஆகாரம் என்ன? பழைய சோறு, நீராகாரம், கஞ்சி. வந்த வேகத்தில் அவற்றை ஓரம் கட்டிவிட்டது காபி.

எவ்வளவு பெரிய வெற்றி என்பதற்கு ஒரு சின்ன சாட்சி சொல்லட்டுமா? சுக்கு காபி. அதில் காபித்தூள் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. ஆனாலும் பெயர் காபி! அதையே 'கஷாயம்' என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் ஓடிப்போகும். 'காபி' என்றால் டம்ளரை நீட்டும்.

சரி, காபியைப் பற்றிப் பாட்டு இல்லையென்றால், எதை வைத்து நான் அதை எடை போடுவது? அதற்கும் எங்கள் பாடத்தில் வழி இருக்கிறது. 'வேகங்கள் பதினான்கு' என்று படித்திருக்கிறோம். உடம்பு தானாகக் கிளப்பும் உந்துதல்களுக்கு வேகம் என்று பெயர். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவற்றை அடக்கக் கூடாது. அடக்கினால் அது ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு வாசல் திறக்கும் என்பது சித்தர்கள் கணக்கு.

இப்போது இந்தப் பட்டியலை மறுபடியும் பாருங்கள். கொட்டாவி, பசி, இளைப்பு, தூக்கம். இந்த நான்கையும் ஒரே டம்ளரில் அடக்குகிற சாமர்த்தியம் காபிக்கு உண்டு. அதனால்தானே குடிக்கிறோம்!

இன்றைய விஞ்ஞானமும் கிட்டத்தட்ட இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்கிறது. காபியில் இருக்கும் காஃபீனை 1819-ல் ரூங்கே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பிரித்தெடுத்தார். நாம் விழித்திருக்கும் நேரம் ஏற ஏற, மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது போய் உட்காருவதற்கென்றே நரம்பணுக்களில் நாற்காலிகள் இருக்கின்றன. அது உட்கார்ந்தால் உடம்பு, 'போதும், படு' என்கிறது. காஃபீன் என்ன செய்கிறது என்றால், துண்டு போட்டு அந்த நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் வீட்டுக்குப் போய்விடவில்லை. வாசலிலேயே நிற்கிறது. காஃபீன் எழுந்ததும் மொத்தமாக உள்ளே வரும். காபி களைப்பைத் தீர்ப்பதில்லை, களைப்பின் வாயைப் பொத்துகிறது.

சில நேரம் பொத்தத்தான் வேண்டியிருக்கிறது. அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால், எதைப் பொத்துகிறோம் என்று தெரிந்து பொத்த வேண்டும் அல்லவா?

நடைக்கு முன்னா, பின்னா?

மறுபடி நம் மார்கழி நடைக்கு வருவோம். முதலில் காபியை விட்டுவிட்டு நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஏரியாவில் இருட்டோடு எழுந்து நடப்பதைப் பெருமையாக நினைக்கிறோம். குளிர்காலத்து விடியலில் தரையோரக் காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று ஒரு மூடிபோல அதை அமுக்கும். மணலி, எண்ணூர் ஆலைகளின் புகையும் லாரி டீசல் புகையும் அந்த மூடிக்குள்ளேயே சுற்றும். நீங்கள் 'பனி' என்று ரசிக்கிறீர்களே, அதில் பாதி புகை! ஆஸ்துமா, இருதய நோய் இருப்பவர்கள் வெயில் வந்து, ஏழு மணிக்கு மேல் நடப்பது நல்லது. போகிப் பண்டிகை அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

இப்போது காபி. "வெறும் வயித்துல ஒரு காபி அடிச்சாத்தான் டாக்டர் நடையே வரும்" என்பவர்களுக்கு: ராத்திரி நன்றாகத் தூங்கி, வயிற்றில் புண் இல்லாமல், பி.பி. கட்டுக்குள் இருந்தால், அரை டம்ளர் குடித்துவிட்டுப் போங்கள். குடி முழுகிவிடாது. முதலில் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு, அதன் மேல் காபி.

ஆனால், ராத்திரி சரியாகத் தூங்காதவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். 2020-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆரோக்கியமான 29 பேரை ராத்திரி மணிக்கொரு தரம் எழுப்பித் தூக்கத்தைக் கெடுத்தார்கள். மறுநாள் காலை, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதற்கு முன் கடுங்காபி கொடுத்தார்கள். காபி குடிக்காத நாளோடு ஒப்பிட்டால், ரத்தத்தில் சர்க்கரை ஏறிய அளவு ஏறக்குறைய பாதிக்குப் பாதி அதிகம்! தூக்கம் கெட்டது மட்டும் அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. அதைச் சரிக்கட்டக் குடித்த காபிதான் செய்தது. சர்க்கரை நோயாளிகள், அந்த விளிம்பில் நிற்பவர்கள், கெட்டுப்போன தூக்கத்துக்குப் பதிலாக விடியற்காலை கடுங்காபி குடிக்க வேண்டாம். இட்லியோ கஞ்சியோ உள்ளே போன பிறகு கொஞ்ச நேரம் விட்டுக் குடிக்கலாம்.

நடந்து முடித்த பிறகு குடிக்கிற காபியைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. அதோடு சேர்ந்து வருகிற இரண்டு மெதுவடையைப் பற்றித்தான் புகார்!

டீச்சரும் செந்தூரமும்

இனி நான் சொல்லப் போவது என் தவறு.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்தார். நாற்பத்திரண்டு வயது. ராயபுரத்தில் வீடு, தண்டையார்பேட்டைப் பக்கம் வேலை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, சாயங்காலம் ஆனால் எரிச்சல் எரிச்சலாக வருகிறது. கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8. மாதவிலக்கில் போக்கு அதிகம் என்றதால் மகளிர் மருத்துவரிடம் அனுப்பி ஸ்கேனும் எடுக்கச் சொன்னேன். பெரிதாக ஒன்றுமில்லை. அன்னபேதிச் செந்தூரமும் கரிசாலை லேகியமும் கொடுத்தேன். அன்னபேதி என்பது இரும்புச் சத்து. இதை உள்ளுக்குக் கொடுத்து நான் ஏமாந்ததில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். 8.1.

எனக்கு ஒரே சங்கடம். மருந்து சரியில்லையா? "ஒழுங்கா சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்றேன். "ஒருவேளைகூட விடலை டாக்டர்" என்றார். முகத்தைப் பார்த்தாலே உண்மை என்று தெரிந்தது. அப்புறம்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "காலையில் எழுந்ததிலிருந்து ஸ்கூல் போகும்வரை என்னென்ன சாப்பிடுவீங்க?"

நாலே முக்காலுக்கு எழுந்ததும் ஒரு காபி. சமையல் பாதியில் இருக்கும்போது மாமனாருக்குப் போடுகிறபோது தனக்கும் ஒரு காபி. டிபன்? "நாஷ்டாவுக்கு எங்க டாக்டர் நேரம், பசங்களுக்குக் கட்டிக் கொடுத்துட்டு, ஒரு காபியைக் குடிச்சுட்டு ஓடுவேன். மருந்தா? மறந்துடக் கூடாதுன்னு அந்தக் காபியோடயே சாப்பிட்டுடுவேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது!

காபியிலும் டீயிலும் இருக்கும் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருள்கள் குடலிலேயே இரும்பைக் கட்டிப் போட்டுவிடும். ரத்தத்துக்குள் போகவிடாது. 1983-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்து காட்டியது. சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தால் இரும்பு உட்கிரகிப்பது 39 சதவிகிதம் குறைந்தது. டீ என்றால் 64 சதவிகிதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எதையும் கெடுக்கவில்லை. ஆனால், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதும், கூடவே குடித்த அளவுக்குக் கெடுத்தது. நம் ஊரில் வயிறு நிறையச் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காயும் முன் ஒரு காபி கேட்கிறோமே, அதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம்.

டீச்சருக்கு நான் மருந்தை மாற்றவில்லை. நேரத்தை மாற்றினேன். மருந்து, காலை பதினொன்றரைக்கு ஸ்கூல் இடைவேளையில், ஒரு நெல்லிக்காயோடு. அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றரை மணி நேரம் காபி இல்லை. ஓடுகிற ஓட்டத்தில் குடித்த மூன்றாவது காபி இருக்கிறதே, அதற்குப் பதிலாக நின்றுகொண்டேயாவது இரண்டு இட்லி. அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்ல எல்லாரும் சாப்பிட்டாங்களான்னு பார்ப்பேன் டாக்டர், என்னை யாரும் பார்க்கிறதில்லை" என்றார். அந்த இடத்தில் என் படிப்பு எதுவும் உதவவில்லை. அடுத்த முறை கணவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். வந்தார். நல்ல மனிதர்தான், கவனித்ததே இல்லை, அவ்வளவுதான். "நாளையிலிருந்து ரெண்டு இட்லியை அவங்க தட்டுல வெச்சுட்டு நீங்க சாப்பிடுங்க" என்றேன். நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 10.9 வந்தது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று சொல்கிறது. அத்தனைக்கும் காபி காரணமில்லை. ஆனால், தாய்மார்களே, உங்கள் காலை காபி, நாஷ்டாவுக்குப் பதிலாக இருக்கிறதா என்று நாளைக்கு ஒருநாள் மட்டும் கவனியுங்கள். பசியும் ஒரு வேகம். அதை டம்ளரால் அடக்கினால், பத்து மணிக்கு அது எரிச்சலாகவும் பதினோரு மணிக்குத் தலைவலியாகவும் திரும்பி வரும்.

இரும்பு மாத்திரை மட்டுமல்ல. தைராய்டு மாத்திரையைக் காபியோடு சேர்த்துக் குடித்தாலும் அது சரியாகச் சேராது. தண்ணீரில் விழுங்கிவிட்டுக் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

மீட்டிங் காபி

ஆபீஸ்காரர்கள் கதை வேறு. மணலியில் ஒரு கம்பெனியில் அதிகாரியாக இருக்கும் ஒருவர் தன் ஒரு நாளை எனக்கு ஒப்பித்தார். பத்து மணிக்கு ஒரு மீட்டிங், பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றரைக்கு ரெவ்யூ, ஐந்தரைக்கு மேலதிகாரியோடு ஒன்று. ஒவ்வொன்றிலும் மெஷின் காபி. "வேணும்னு குடிக்கிறதில்லை டாக்டர். எதிரே வெச்சிடுறாங்க. கையை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியலை, எடுத்துக் குடிச்சுடறேன்!"

எவ்வளவு உண்மையான பேச்சு! மீட்டிங் காபி பெரும்பாலும் கொட்டாவிக்குப் பதிலாக வருவது. சில நேரம் எழுந்து நடக்க முடியாததற்குப் பதிலாக. சில நேரம் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விழுங்குவதற்குப் பதிலாக.

ஒரு கணக்குப் போடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதன் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது, இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 என்கிறது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஆக, மூன்று ஃபில்டர் காபியோடு கணக்குத் தீர்ந்தது. (உங்கள் தூளில் சிக்கரி கலந்திருந்தால் காஃபீன் அதற்குத் தக்கபடி குறையும். சிக்கரி ஒரு செடியின் கிழங்கு, அதில் காஃபீன் கிடையாது. சட்டப்படி 49 சதவிகிதம் வரை சிக்கரி கலக்கலாம், கலந்ததைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். திருப்பிப் பாருங்கள், 'அடடா, பாதிக் காசு கிழங்குக்கா!' என்று தோன்றும்.)

அதைவிடச் சர்க்கரைக் கணக்கு பயங்கரம். கப்புக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஐந்து கப்புக்குப் பத்து ஸ்பூன், அதாவது 40, 50 கிராம். நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. கேசரியே சாப்பிடாமல் இரண்டு நாள் சர்க்கரையை ஒரே நாளில் உள்ளே தள்ளிவிடுகிறீர்கள்.

இன்னொன்று, பேப்பர் கப். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாமல் பேப்பரில் காபி நிற்குமா? கோரக்பூர் ஐ.ஐ.டி. அல்ல, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் (இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, நானும்தான்!) ஆராய்ந்து பார்த்தார்கள். 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் அந்தக் கப்பில் இருந்தால், சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கண்டார்கள். தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பட்டியலில் இந்த பிளாஸ்டிக் பூசிய கப்பும் உண்டு. மேஜை டிராயரில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொள்ள என்ன வெட்கம்?

அந்த அதிகாரியிடம் நான் கேட்டது இரண்டே விஷயம். மூன்றரை மணி ரெவ்யூவில் காபிக்குப் பதில் மோரும் சுண்டலும். ஐந்தரை மணிக் காபி கூடவே கூடாது. முதலாவது கொஞ்ச நாள் கேலிக்கு ஆளாகி, பிறகு ஆபீசிலேயே பழக்கமாகிவிட்டதாம். இரண்டாவதில் இன்னும் தடுமாறுகிறார்.

ஐந்தரை மணிக் காபியில் ஏன் இத்தனை பிடிவாதம்? உடம்புக்குள் போன காஃபீனில் பாதி வெளியேறவே சுமாராக ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்தரைக்குக் குடித்த 100 மில்லிகிராமில், பத்தரைக்கு 50 இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் 2013-ல் பார்த்தார்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன் 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தும்கூட, தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. "நான் காபி குடிச்சாலும் படுத்ததும் தூங்கிடுவேன்" என்கிறவர்கள் உண்டு. தூங்குவார்கள், சரி. தூக்கம் ஆழமாக இருக்காது. காலையில் எழும்போதே களைப்பு. அந்தக் களைப்புக்கு ஒரு காபி!

சி ஷிஃப்ட்

எங்கள் பகுதிக்கே உரியது இது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஹார்பர், லாரி, ஆலை, மின்நிலையம் என்று இரவில் உறங்காத வரிசை. இரவு பத்து மணிக்குப் போய்க் காலை ஆறு மணிக்குத் திரும்புகிற ஆட்கள் எத்தனை வீட்டில்! எங்கள் அப்பாவும் ஹார்பரில் இரவு வேலை பார்த்தவர்தான். ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றிக் கொடுப்பாள் அம்மா. ஆனால், டிபன் டப்பா இல்லாமல் ஃபிளாஸ்க்கை மட்டும் கொடுத்து நான் பார்த்ததில்லை. "ரெண்டும் சேர்ந்துதான் போவணும்" என்பாள். எந்தக் கல்லூரியிலும் படிக்காதவள்.

போன வருடம் ஒரு ஃபிட்டர் வந்தார். நாற்பத்தெட்டு வயது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், எடுத்ததற்கெல்லாம் கோபம். கூட வந்த மனைவிதான் உண்மையைச் சொன்னார். "வண்டியில வரும்போது தூங்கிட்டாராம் டாக்டரம்மா. முன்னால கன்டெய்னர் லாரி. யாரோ பின்னால ஹாரன் அடிச்சதுல முழிச்சிருக்காரு." சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

விசாரித்தேன். இரவு முழுக்க ஐந்தாறு காபி. கடைசிக் காபி விடியற்காலை நாலரைக்கு, பிஸ்கட்டோடு. ஏழு மணிக்கு வீடு வந்து படுத்தால் பத்துவரை கண் மூடாது. பிறகு மூன்று மணி நேரம் அரைத் தூக்கம். சாயங்காலம் எழுந்ததும் மறுபடி காபி. அடக்கி அடக்கி வைத்த தூக்கம், கேட்கக் கூடாத இடத்தில் கடனைக் கேட்டிருக்கிறது.

வயிற்றுக்கு மட்டும் சின்னதாக ஒரு சூரணம் கொடுத்துவிட்டு, ஒரு சீட்டில் நேரம் எழுதினேன். வேலைக்குப் போகும்முன் வீட்டுச் சாப்பாடு. பதினொரு மணிக்கு முதல் காபி. ஒன்றரைக்கு, கொண்டுபோன உணவைச் சாப்பிடும் முன்பே இரண்டாவது காபி. அதோடு முடிந்தது. இடைவேளையில் அனுமதி இருந்தால் கால் மணி நேரம் கண்ணை மூடவும். காஃபீன் வேலை செய்ய எப்படியும் கிட்டத்தட்ட அரை மணி ஆகும், அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். தூக்கக் கலக்கம் இருந்தால் வண்டியை எடுக்காமல் பஸ். வீட்டில் இரண்டு இட்லி, ஜன்னலுக்குக் கருப்புத் துணி, போன் அடுத்த அறையில்.

"இன்னா டாக்டரம்மா, மருந்தே குடுக்காம அனுப்புறீங்க?" என்றார் அவர்.

முதல் வாரம் மண்டைவலி தாங்கவில்லை என்று போன் செய்தார். அது எதிர்பார்த்ததுதான். பழகிய காஃபீனைச் சட்டென்று குறைத்தால் ஒரு நாளுக்குள் தலைவலி, சோர்வு, கடுகடுப்பு வரும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். அதனால் ஐந்தாறு குடிப்பவர்கள் மூன்று நாளைக்கு ஒன்றாகக் குறையுங்கள், ஒரே நாளில் சபதம் போடாதீர்கள். இப்போது அவர் பகலில் ஐந்து மணி நேரம் தூங்குகிறார். நெஞ்செரிச்சல் பாதியாகிவிட்டது. முழுக்கப் போகவில்லை. ஷிஃப்ட் வேலை இருக்கும்வரை முழுக்கப் போகாது என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

எந்தக் காபி நல்ல காபி?

நல்ல காபி நிறைய இருக்கிறது! அளவாகக் காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் நோயும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. (அங்கே குடிப்பது பெரும்பாலும் சர்க்கரை போடாத காபி, அதையும் சொல்லிவிடுகிறேன்.) வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கிற காபி, மழை நாளில் வாசலில் உட்கார்ந்து குடிக்கிற காபி, இதெல்லாம் எதற்கும் பதிலாக வந்தது அல்ல. என்னிடம் வருகிற ஒரு வயதான தம்பதிக்கு நாலு மணிக் காபி நேரத்தில்தான் பேச்சே. மற்ற நேரம் அவர் பேப்பர், அந்த அம்மா டி.வி. அந்தக் காபியை நிறுத்தச் சொல்ல எந்த வைத்தியருக்கும் உரிமை இல்லை.

கொதிக்கக் கொதிக்க மட்டும் குடிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-ல் காபியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுவித்தது. ஆனால், 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என்று எச்சரித்தது. நம் டவரா எதற்கு இருக்கிறது? நன்றாக ஆற்றிக் குடிக்கத்தானே! கர்ப்பிணிகள் 200 மில்லிகிராமுக்குள் நிற்பது நல்லது. கடைசி மாதங்களில் காஃபீன் பாதியாகக் குறையவே 15 மணி நேரம்வரை ஆகும். பி.பி. பார்க்கப் போகும் முன் அரை மணி நேரம் காபி வேண்டாம், அளவு ஏறிக் காட்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்தில்கூடக் காபி பழக்காதீர்கள். (நான் குடித்தேன் என்று எனக்கே திருப்பிச் சொல்ல வேண்டாம்!)

சாயங்காலக் கையை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, பெயரில் மட்டும் காபியாக இருக்கும் அந்தக் காபி இருக்கவே இருக்கிறது. செய்முறை இதோ. சுக்கு 50 கிராம். தோலைச் சுத்தமாகச் சீவிவிட வேண்டும், சுக்குக்குத் தோலில்தான் நஞ்சு என்பது எங்கள் மருந்து முறை. தனியா 100 கிராம், வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுக்கவும். மிளகு 10 கிராம், ஏலக்காய் ஆறு. எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக இடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டியதும் கொஞ்சம் கருப்பட்டி சேர்த்து வடிகட்டி, ஆற்றிக் குடிக்கலாம். வயிற்றுப் புண் இருப்பவர்கள் மிளகைத் தவிர்த்து, சுக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். அதை விட்டுவிட்டு, இரண்டு துளசி இலை போட்டுக்கொள்ளலாம்.